சி ஷிஃப்ட் பேனா

கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபின் நம்மில் பாதிப் பேர் ரோஜாச் செடி வைத்திருக்கிறோம், மீதிப் பேர் சர்க்கரை வைத்திருக்கிறோம். நான் பேனா வைத்திருக்கிறேன். எல்லாம் மை ஊற்றி எழுதுகிற பேனாக்கள், மொத்தம் முப்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை என்று உங்களில் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. எப்படி எடுப்பேன்? அந்த நேரத்தில் என் இரண்டு கையும் நீலமாக இருக்கும்.

முப்பத்தொரு பேனாவை வைத்துக்கொண்டு எந்தக் காவியத்தை எழுதுகிறாய் என்று நம் பழைய ஸ்டோர்ஸ் மேடம் கேட்டார். பால்காரர் கணக்கும் மாத்திரைச் சீட்டும்தான் எழுதுகிறேன் மேடம், வேறென்ன. ஆனால் அதைக்கூட முறை வைத்துத்தான் எழுதுவேன். ஒரு சமயத்தில் நான்கு பேனாவில் மட்டும் மை இருக்கும். இரண்டு வாரம் அவற்றுக்கு வேலை. பிறகு மீதி மையைக் கொட்டி, கழுத்தைக் கழற்றி, நிப்பையும் அதன் அடியில் நாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிகிறவரை கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒரு நாள் காயவைத்து, பெட்டியில் தூங்க விடுவேன். அடுத்த நான்கு வேலைக்கு வரும். மை இருக்க எழுதாமல் போட்டால் பேனா அடைத்துக்கொள்ளும். கழுவாமல் வேறு மையை ஊற்றினால் உள்ளே திரிந்து போகும். ஆகவே எனக்கு முடியாவிட்டாலும், காய்ச்சலே அடித்தாலும், கழுவாமல் ஒரு பேனாவைப் பெட்டியில் வைப்பதில்லை.

வாழ்நாளில் ஒரே ஒரு பேனாவைக் கழுவாமல் வைத்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம்தான் ஒருவரிடம் சொன்னேன். சொன்ன பிறகு தூக்கம் வரவில்லை, அதனால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய காலத்தில் வேலைக்கு வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியேறினார். எதிரும் புதிருமாக ஆறு வீடு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமெண்டுத் தொட்டி. வீட்டுக்காரம்மா தெலுங்கு, கோடி வீட்டில் கன்னடம், நாங்கள் மட்டும் அங்கிட்டு இங்கிட்டு என்று பேசுகிறவர்கள். நாங்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வீட்டுக்காரம்மா எங்களைப் பேச்சுக்கு இழுப்பார்.

அப்பாவுக்குக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். லேத்தில் கடைந்து வருகிற பாகங்களை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்து, சரியானது ஒரு தட்டில், திருத்த வேண்டியது ஒரு தட்டில், உதவாதது ஒரு தட்டில் என்று பிரிப்பார். உதவாததன் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுவார். ஒரு முறை சிவப்பு அடித்துவிட்டால் மேனேஜரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவரிடம் இருந்தவை ஒன்பது பேனாக்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு மரப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அளவுக் கருவிகள் வைக்கிற பெட்டி, உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய பள்ளங்கள். ஒரு வரிசைக்கு மூன்றாக ஒன்பது பேனாவும் அதில் கச்சிதமாக நிற்கும். முதல் வரிசைக்கு ஏ ஷிஃப்ட், இரண்டாவதற்கு பி ஷிஃப்ட், மூன்றாவதற்கு சி ஷிஃப்ட் என்று பெயர். ஒரு வாரம் ஒரு ஷிஃப்டுக்குத்தான் மை. மற்ற இரண்டு ஷிஃப்டும் கழுவிக் காய்ந்து ஓய்வில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் மாறும். “மனுசனுக்குக் குடுக்காத ரெஸ்ட்ட பேனாவுக்குக் குடுக்குறாரு உங்கப்பா” என்பாள் அம்மா. நைட் ஷிஃப்ட் முடிந்து கண் சிவக்க வருகிறவர் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

சி ஷிஃப்டில் நடுவில் நிற்பது மற்றவை மாதிரி இல்லை. கடுங்காப்பி நிறத்தில் தடித்த உடம்பு. ஒரு தரம் கீழே விழுந்து நிப்பு முனை மழுங்கிவிட, அப்பா அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் எண்ணெய்க் கல்லில் சாய்வாகத் தேய்த்துக் கொண்டுவந்தார். அதிலிருந்து அந்தப் பேனாவில் யார் எழுதினாலும் எழுத்து தடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் விழும். அதற்கென்று தனி மை வேறு. நீலக் கறுப்பு மையில் இத்தனை சொட்டு பச்சை, இத்தனை சொட்டு ஊதா என்று ஃபில்லரால் எண்ணி விட்டுக் கலக்கி, காலியான இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவார். காகிதத்தில் ஈரமாக இருக்கும்போது மயில் கழுத்து மாதிரி மின்னும். காய்ந்தபின் கறுப்புக்குள் பச்சை தெரியும். இந்த மை ஓசூரில் வேறு எங்கும் கிடைக்காது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இப்போது அக்காவைச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயது மூத்தவள். படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அப்பா வேலை பார்த்த நம் கம்பெனியில் முதல் முதலாகப் பெண்களையும் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அக்காவும், எதிர் வீட்டில் தன் சித்தப்பா குடும்பத்தோடு இருந்த அவளுடைய சிநேகிதியும் சேர்ந்தே மனுப் போட்டார்கள். சிநேகிதிக்கு ஊர் ராயக்கோட்டை, அதனால் எனக்கு அவள் ராயக்கோட்டை அக்கா. இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, இடுக்கியால் சின்னச் சின்ன ஊசிகளை எடுத்து ஓட்டையில் சொருகச் சொன்னார்களாம். இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். தபாலில் ஆர்டர் வருவதுதான் பாக்கி.

அந்த ஆர்டருக்காக அக்கா காத்திருந்த மாதிரி இன்றுவரை நான் யாரும் எதற்கும் காத்திருந்து பார்த்ததில்லை. சாயங்காலம் ரோட்டு முனைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கம்பெனி பஸ் திரும்பும். “எந்தப் பக்கம் உக்காந்தா நம்ம வீடு தெரியும், சொல்லு” என்று கேட்பாள். இடது பக்கம் என்பேன். “அப்பன்னா எடது பக்கம் ஜன்னல் சீட்டு. நீ தொட்டிகிட்ட நின்னு கையக் காட்டணும், என்ன?” என்பாள். சீருடை என்ன நிறம் என்றே தெரியாது, ஆனால் அதற்கு எத்தனை மீட்டர் ஆகும் என்று தையல்காரரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

மார்கழி வந்தது. ஓசூர் மார்கழியை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் காலை ஒன்பது மணிக்குக்கூட எதிர் வீடு தெரியாது. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் போட்டார்கள். அதுவரை பேனா கழுவும்போது அப்பாவுக்கு எடுபிடியாக இருந்த எனக்கு வேலை முழுவதுமாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. முதல் வாரம் தண்ணீர் தெளிகிறவரை கழுவினேன். இரண்டாவது வாரமும் கழுவினேன். மூன்றாவது வாரம் சி ஷிஃப்டின் முறை. அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை, வெந்நீர் கேட்டால் “இன்னொரு தடவ யாரு அடுப்பு மூட்டுறது” என்றாள். தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் எலும்புவரை குத்தியது. இரண்டு பேனா கழுவுவதற்குள் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை. நடுப் பேனாவில் இன்னும் கால்வாசி மை இருந்தது. அந்த மை லேசில் போகாது, பத்துத் தண்ணீர் கேட்கும்.

நான் கழுவவில்லை. நிப்பை மட்டும் துணியால் நன்றாகத் துடைத்து, மூடி போட்டு, நிப்பு மேலே பார்க்கப் பெட்டியில் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் யாரும் தொடப்போவதில்லை, முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அப்பா வந்து வழக்கம்போல ஒவ்வொரு நிப்பையும் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தார். மை கீழே இறங்கியிருந்ததால் துணியில் கறை படவில்லை. “பாஸ்” என்று என் தலையில் தட்டினார். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் நடுவில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ராயக்கோட்டை அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

“பாப்பா, எழுதற பேனா ஒண்ணு குடேன். என்துல ரீஃபில் தீந்து போச்சு. ஒரு விண்ணப்பம் எழுதணும், காலைல குடுத்துடறேன்.”

வேலையில் இருந்த ஏ ஷிஃப்ட் பேனா மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் அப்பா ராத்திரியே கேட்பார். ஓய்வில் இருப்பதைக் கொடுத்தால் தெரியாது. ஓய்வில் இருப்பதில் மை உள்ளது ஒன்றுதான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கடுங்காப்பிப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை அவள் சொன்னபடி திருப்பிக் கொடுத்தாள், கூடவே ஒரு கொய்யாப்பழமும். துடைத்து, அதன் இடத்தில் வைத்தேன்.

அவள் எழுதியது விண்ணப்பம் இல்லை என்பது இரண்டு நாளில் தெரிந்தது.

கம்பெனியில் ஒரு பாகம் கடைந்து முடிந்ததும் அதோடு ஒரு ஜாப் கார்டு வைத்து இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் பாகம் அனுப்புகிற, லேத் ஓட்டும் டர்னர்களில் ஓர் இளவட்டம் இருந்தார். நல்ல வேலைக்காரர், அவசரக்காரர். சட்டைப் பையில் ஜாப் கார்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டையும் கார்டோடே பாகத்தின்மேல் வைத்து அனுப்பிவிட்டார். நான்கு வரி. பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ‘ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் வர வேண்டாம். வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். எனக்கு ஆர்டர் வந்துவிட்டால் கம்பெனி பஸ்ஸிலேயே பார்த்துக்கொள்ளலாம். கோபம் வேண்டாம்.’

அப்பா வாசகத்தைப் படிப்பதற்கு முன்னால் மையைத்தான் பார்த்திருப்பார்.

அன்று மூன்றரை மணிக்கு ஷிஃப்ட் விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியை எடுத்து நடு வீட்டில் வைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

“இந்தா, இங்க வா. ஞாயித்துக்கெழம சி ஷிஃப்ட்டக் கழுவுனியா?”

“கழுவுனேன்ப்பா.”

“மூணையுமா?”

“மூணையும்.”

“தண்ணி தெளியிற வரைக்கும்?”

“ஆமாப்பா.”

அவ்வளவுதான் நான் பேசியது. நடுப் பேனாவை எடுத்துக் கழுத்தைத் திருகினார். உள்ளங்கையில் கவிழ்த்தார். மயில் கழுத்து மை அவர் ரேகைகளில் ஓடி மணிக்கட்டில் இறங்கியது. அக்கா டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் நின்றிருந்தாள்.

“கழுவி வச்ச பேனாவுல மை எப்பிடி வந்துச்சு?” என்றார் அவளைப் பார்த்து.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டை நீட்டினார். படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. இப்போது யோசித்தால், அது தன் சிநேகிதியின் சமாச்சாரம் என்று அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்திருக்கும். அந்த வெளுப்பைத்தான் அப்பா ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

“நான் எழுதலப்பா.”

“பீரோ சாவி எங்க இருக்குன்னு உனக்கும் உங்கம்மாவுக்கும்தான் தெரியும். உங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது.”

“சத்தியமா நான் தொடவே இல்லப்பா. இது என் எழுத்தே இல்ல, பாருங்க.”

“அந்தப் பேனாவுல எவ எழுதுனாலும் எழுத்து மாறித்தான் விழும். கையெழுத்த மாத்திரலாம், மைய மாத்த முடியாது.”

அம்மா அழுதுகொண்டே, “அந்தப் பையனக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேளுங்களேன்” என்றாள்.

“கேக்கவா? நான் போயிக் கேட்டா நாளைக்கு ஷாப்பு பூராத் தெரிஞ்சுபோகும். அப்புறம் இவள எவன் கட்டுவான்?”

கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை. பாகத்தைத்தான் அளப்பார், கடைந்தவனிடம் போய் விசாரிக்க மாட்டார். அப்பாவை அநியாயக்காரர் என்று பல வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். உண்மையில் அவர் போட்ட கணக்கில் பிசகில்லை. கழுவி வைத்த பேனா, பூட்டி வைத்த மை, சாவி தெரிந்த பெண். நான் கொடுத்த அளவுதான் தப்பு. “நடுப் பேனாவ மட்டும் கழுவலப்பா” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றிருக்கும். யாருக்குக் கொடுத்தாய் என்பது அடுத்த கேள்வியாக வந்திருக்கும். எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும்.

மறுநாள் தொட்டிக்கு அருகில் ராயக்கோட்டை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிடாத பாப்பா. எங்க சித்தப்பா தோல உரிச்சுடுவாரு. உங்கக்காவ உங்கப்பா ரெண்டு நாளு திட்டிட்டு விட்டுடுவாரு, பாரேன். பெத்த பொண்ண என்னா பண்ணிடுவாரு?”

அவள் கெஞ்சியதால்தான் நான் வாயைத் திறக்கவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவளைக் காப்பாற்றுகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. கழுவாமல் வைத்துவிட்டுக் கழுவினேன் என்று சொன்னது வெளிவந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அப்பா என் தலையில் தட்டி “பாஸ்” என்றாரே, அதை அவர் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று பயந்தேன்.

நான்காம் நாள் ஆர்டர் வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தபாலில். அப்பா அதைப் பிரித்துப் படித்துவிட்டு, குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தம் மகள் வேலையில் சேர இயலவில்லை என்று தன் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொல்லி அக்காவிடம் பேனாவை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. உள்ளே போய்த் தன் டைப்ரைட்டிங் நோட்டில் சொருகியிருந்த பால்பாயிண்டை எடுத்து வந்து போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “ஆர்டர மட்டும் நான் வச்சிக்கிறேன்ப்பா” என்று கேட்டாள். அப்பா அதைக் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அப்பா இருமல் மருந்து பாட்டிலை வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். மறுநாள் வரை அந்தச் சாக்கடை மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. கடுங்காப்பிப் பேனாவை அம்மிக் குழவியால் ஒரே போடு. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “ஏமய்யா, தேளா?” என்று கேட்டார். சி ஷிஃப்டில் அதற்குப் பிறகு இரண்டு பேனாதான்.

தை மாதமே கல்யாணம். அம்மாவின் தம்பி, அருப்புக்கோட்டையில் எண்ணெய்க் கடை வைத்திருந்த எங்கள் மாமாதான் மாப்பிள்ளை. அக்காவை விடப் பதினான்கு வயது பெரியவர். “வெளிய குடுத்தா நாளைக்கு ஒண்ணுன்னா சொல்லிக்காட்டுவாக. எந்தம்பின்னா மூடி வச்சிக்கிருவான்” என்று அம்மா சொன்னாள். நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் சொன்னாள். மூடி வைப்பதற்காக என்ன விஷயம் என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள். அவளுக்குத் தோன்றிய யோசனை அது.

கல்யாணத்துக்கு ராயக்கோட்டை அக்கா வரவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லீவு இல்லையாம். பிறகு தினமும் சாயங்காலம் கம்பெனி பஸ் எங்கள் ரோட்டில் திரும்பும்போது இடது பக்கத்து ஜன்னலில் அவளைப் பார்ப்பேன். அவள் குனிந்துகொள்வாள். அந்த டர்னரையும் அவள் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்துக்குள் அந்தப் பழக்கம் விட்டுப்போய், ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இத்தனைக்கும் காரணமான காதல் அவ்வளவு காலம்தான் தாங்கியது.

அக்காவிடமிருந்து மாதம் ஒரு இன்லண்டு லெட்டர் வரும். ‘உங்கள் மகள் நலம். வீட்டு வேலைகளைச் சரியாகச் செய்கிறாள்.’ எல்லாம் மாமாவின் கையெழுத்து. ஒரு வரிகூட அக்கா எழுதியிருக்க மாட்டாள். எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும். கல்யாணம் ஆனதும் தங்கச்சியை மறந்துவிட்டாள், ஒரு வரி எழுதச் சோம்பேறித்தனம் என்று நினைப்பேன். மாமா கடையில் கணக்கு எழுதும் பென்சிலைக்கூட இரவு வீட்டுக்கு எடுத்து வர மாட்டாராம். அவர்கள் வீட்டில் எழுதுகிற சாமான் எதுவுமே இருந்ததில்லை என்பதை நான் பெரியவளாகி, அக்காவின் முதல் பிரசவத்துக்குப் போயிருந்தபோது கண்டேன். டாக்டர் சொன்ன மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ள ஒரு பேனா கேட்டேன். “பக்கத்து வீட்ல கேளு” என்றாள் அக்கா, குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டே. மாமா அடிக்கிறவர் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஓசூருக்கு மட்டும் அவளை அனுப்பவே மாட்டார். அப்பா செத்தபோது கூட்டிக்கொண்டு வந்து, பதினாறு முடிகிறவரை இருக்கவிடாமல், காரியம் முடிந்த அன்றே கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமே. நான் படித்து முடித்தபோது காலம் மாறிவிட்டது என்று அப்பாவே சொல்லி, அதே கம்பெனிக்கு அவரே மனு எழுதிக் கொடுத்தார். முப்பத்து நான்கு வருஷம் அதே பஸ், அதே கேட். நீங்களெல்லாம் எனக்கு அங்கேதான் கிடைத்தீர்கள். முதல் நாள் இடது பக்கம் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரம்தான் அப்படி. பிறகு எந்தப் பக்கம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிட்டேன், மனுஷ மனசு அவ்வளவுதான்.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் போகவில்லை. அப்பா கடைசி வருஷங்களில் கை நடுக்கத்தால் பேனாவைப் பிடிக்க முடியாமல், நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் திடீரென்று, “மூத்தவளயும் கம்பெனிக்கு அனுப்பியிருக்கலாம். நல்ல கை அவளுக்கு. அந்தக் காயிதத்த மட்டும் எழுதாம இருந்திருந்தா...” என்றார். என் கையில் நிப்பு இருந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை. நான் தலையைத் தூக்காமல் கழுவிக்கொண்டே இருந்தேன். வயசான மனுஷரை எதற்கு வருத்த வேண்டும் என்று அப்போது ஒரு நியாயம் வைத்திருந்தேன். நியாயத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு தடவையும் ஒன்று கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவருடைய எட்டுப் பேனாவில் ஆரம்பித்ததுதான் என்னுடைய முப்பத்தொன்று.

இந்த ஆவணியில் மாமா தவறிப்போனார். மார்கழியில் அக்கா என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கினாள். அப்பா சாவுக்கு வந்துபோனதை விட்டால், நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் பார்க்கிற ஓசூர். மூக்கண்டப்பள்ளிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு ஒர்க்ஷாப். அக்கா இறங்கவில்லை. “எம்புட்டு வண்டி” என்று மட்டும் சொன்னாள்.

அன்று பகலில் பிதுக்குப் பருப்புக் குழம்புக்காக இரண்டு பேரும் ஊறவைத்த மொச்சையை விரலால் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அவள் விரல்கள் என் விரல்களைவிட இரண்டு மடங்கு வேகம். இடுக்கியால் ஊசி சொருகித் தேறிய விரல்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் எப்படியோ ஆரம்பித்துவிட்டேன். தொட்டித் தண்ணீர், நான் கழுவாமல் வைத்தது, ராயக்கோட்டை அக்கா கேட்டது, கொய்யாப்பழம், அப்பாவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன். அக்கா மொச்சை பிதுக்குவதை நிறுத்தவில்லை.

“அவதான் எழுதியிருப்பான்னு தெரியும்” என்றாள் கடைசியில். “மை எப்பிடிக் கெடச்சுதுன்னுதான் தெரியாது. பீரோவத் தொறந்து எடுத்துருப்பான்னு நெனச்சேன்.”

“ஏன்க்கா அப்பாட்ட அவ பேரச் சொல்லல?”

“என்னையவே நம்பல. இன்னொருத்தி பேரச் சொன்னா நம்பியிருப்பாரா? அவளும் கெட்டுப்போவா.”

பிதுக்கிய பருப்பைக் கிண்ணத்தில் தள்ளினாள். பிறகு, “மாமா மதுரை ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ வந்து இருந்தீல்ல?” என்று கேட்டாள்.

“இருந்தேன்க்கா. ஒம்பது நாள்.”

“எட்டாம் நாளு மத்தியானம் என்னையக் கிட்டக்க வரச் சொன்னாரு. ‘இத்தன வருசமாச்சு, இனி என்ன இருக்கு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், அந்தக் காயிதத்த எழுதுனது நீதான’ன்னு கேட்டாரு. இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சு. இல்லன்னா அந்த மனுசன் கண்ண மூட மாட்டாரு. ஆமாங்க, நான்தான் எழுதுனேன்னு சொல்லிட்டேன்.”

ஒரு மொச்சையை எடுத்துப் பிதுக்கித் தோலைத் தனியே போட்டாள்.

“மனசு ஆறிப்போச்சு அவருக்கு. எங்கையப் பிடிச்சிக்கிட்டு, ‘மன்னிச்சிட்டேன் போ’ன்னாரு.”

அந்த எட்டாம் நாள் மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்கிற தூரத்தில்தான் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.